ஒரு நூற்றாண்டுக் காத்திருப்பு: ஜப்பானிய விஸ்கி உருவான கதை

2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஹொங்கொங்கில் நடைபெற்ற ஏலமொன்றில் ஒரேயொரு விஸ்கிப் போத்தல் 62 இலட்சம் ஹொங்கொங் டொலருக்கு விலைபோனது. அமெரிக்க டொலரில் இது ஏறத்தாழ 7 இலட்சத்து 95 ஆயிரம். அந்தப் போத்தல் விஸ்கியின் தாயகமெனச் சொல்லப்படும் ஸ்கொட்லாந்தில் இருந்து வந்ததல்ல. ஜப்பானின் யமசாகி வடிசாலையில் 1960, 1961, 1964 ஆகிய ஆண்டுகளில் வடிக்கப்பட்டு, 55 ஆண்டுகளுக்கு மேலாகப் பீப்பாக்களில் கிடந்த விஸ்கி அது.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜப்பானில் விஸ்கி என்ற பெயரில் விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை போலிகளே. அந்த நிலையில் இருந்து இந்த ஏல மேசை வரை வந்த பாதையில் ஒரு மாணவனின் கடற்பயணமும், ஒரு வியாபாரியின் துணிச்சலும், ஒரு பெருந்தோல்வியும், பேரழிவாக முடிந்த ஒரு போரும், பூட்டப்பட்ட வடிசாலைகளும் இருக்கின்றன. குடியைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. அந்நிய மண்ணில் கற்ற ஒரு தொழில், போரையும் வறுமையையும் தாண்டி இன்னொரு மண்ணில் எப்படி வேரூன்றியது என்பதே இங்கு பேசப்படுகிறது.

போலிகளின் காலம்

ஜப்பானின் கதவுகளை வெளியுலகுக்குத் திறக்க வைத்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி மத்தியூ பெரி, 1854இல் கொண்டுவந்த பரிசுப் பொருட்களில் விஸ்கியும் இருந்தது. அதற்குப் பின்னர் மேற்கத்தேய மதுவகைகள் துறைமுக நகரங்கள் வழியாக நாட்டினுள் வந்தன. இறக்குமதியான விஸ்கி சாதாரண மக்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. உள்ளூர் நிறுவனங்கள் மலிவான மதுசாரத்தில் சீனியையும் வாசனைப் பொருட்களையும் நிறத்தையும் சேர்த்து, விஸ்கி என்று பெயரிட்டு விற்றன.

ஒசாகாவில் இயங்கிய செத்சு ஷுசோ என்ற நிறுவனமும் இவ்வாறான பானங்களைத் தயாரித்தது. ஆனால் போலியை வைத்து நெடுங்காலம் வியாபாரம் செய்ய முடியாது என்பதை அதன் முதலாளி உணர்ந்திருந்தார். உண்மையான விஸ்கியின் தொழில்நுட்பத்தை அறிந்துவர ஓர் இளைஞரை ஸ்கொட்லாந்துக்கு அனுப்ப அவர் முடிவு செய்தார். அந்த இளைஞரின் பெயர் மசதாகா டகெட்சுரு.

ஸ்கொட்லாந்தில் ஒரு மாணவன்

டகெட்சுரு 1894இல் ஹிரோஷிமா மாகாணத்தின் டகெஹாரா என்ற ஊரில் பிறந்தவர். அரிசியில் இருந்து சாக்கே என்ற பாரம்பரிய மதுவைத் தலைமுறை தலைமுறையாகத் தயாரித்து வந்த குடும்பம் அவருடையது. 1918இல் கப்பலேறிய அவர், அமெரிக்கா வழியாகப் பிரித்தானியாவைச் சென்றடைந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்கத் தொடங்கினார்.

விஸ்கியைப் புத்தகத்தில் மட்டும் கற்க முடியாது. ஆகவே அவர் வடிசாலைகளைத் தேடிப் போனார். 1919இல் லோங்மோர்ன் வடிசாலை சில நாட்கள் பயிற்சி பெற அவருக்கு இடம் கொடுத்தது. பின்னர் கேம்பல்டவுன் நகரில் இருந்த ஹேசல்பேர்ன் வடிசாலையில் சில மாதங்கள் தொழிலாளர்களோடு நின்று வேலை பழகினார். பார்லியை முளைக்க வைப்பது, உலர்த்துவது, நொதிக்க விடுவது, செப்பு வடிகலத்தில் இருமுறை காய்ச்சி வடிப்பது, பீப்பாவில் அடைத்து முதிர விடுவது என ஒவ்வொரு படியையும் அவர் குறிப்பேட்டில் எழுதினார். கருவிகளின் வடிவங்களை வரைந்து அளவுகளைக் குறித்தார். ஜப்பானிய விஸ்கிக் கைத்தொழிலின் முதற் பாடநூலென அந்தக் குறிப்பேடுகளைச் சொல்லலாம்.

ஸ்கொட்லாந்து அவருக்குத் தொழிலோடு ஒரு துணையையும் கொடுத்தது. கிளாஸ்கோவுக்கு அண்மையில் உள்ள கேர்க்கின்ரிலொக் என்ற ஊரைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் மகள் ஜெசி ரொபேர்ட்டா கவன். ரீட்டா என்பது அவரது செல்லப்பெயர். இரு வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி, 1920 ஜனவரியில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். அதே ஆண்டின் இறுதியில் ரீட்டா தன் ஊரையும் உறவையும் விட்டு, மொழி தெரியாத ஒரு நாட்டுக்குக் கணவரோடு வந்து சேர்ந்தார்.

அங்கே காத்திருந்தது ஏமாற்றம். முதலாம் உலகப்போருக்குப் பின்னரான பொருளாதார நெருக்கடியில் செத்சு ஷுசோ சிக்கியிருந்தது. விஸ்கித் திட்டம் கைவிடப்பட்டது. 1922இல் டகெட்சுரு வேலையை விட்டு விலகினார். ஸ்கொட்லாந்து வரை சென்று கற்றுவந்தவர் ஒசாகாவில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியராக வேலை செய்ய வேண்டியிருந்தது.

வியாபாரியும் தொழிலாளியும்

ஷின்ஜிரோ டொரி 1879இல் ஒசாகாவில் பிறந்தவர். இருபது வயதில் சொந்தக் கடை திறந்தவர். 1907இல் அவர் சந்தைப்படுத்திய அகடாமா என்ற இனிப்பு வைன் பெரும் வெற்றி பெற்றது. ஜப்பானியரின் நாவுக்கு எது பிடிக்கும் என்பதை அறிந்து கொடுத்ததே அந்த வெற்றியின் காரணம். வைனில் வந்த இலாபத்தை விஸ்கியில் போட அவர் துணிந்தார். பல ஆண்டுகள் பீப்பாவில் கிடந்த பின்னரே விற்கக்கூடிய ஒரு பொருளில் பணத்தை முடக்குவது பைத்தியக்காரத்தனம் என்று அவரது நிறுவனத்திற்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. டொரி பின்வாங்கவில்லை. 1923இல் டகெட்சுருவை வேலைக்கு அழைத்தார்.

தொடக்கத்திலேயே இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. ஸ்கொட்லாந்தைப் போன்ற குளிரான காலநிலை கொண்ட வடதிசைத் தீவான ஹொக்கைடோவில் வடிசாலை அமைய வேண்டும் என்பது டகெட்சுருவின் விருப்பம். வாடிக்கையாளரும் வீதியும் ரயிலும் அருகில் இருக்க வேண்டும் என்றார் டொரி. கடைசியில் கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் உள்ள யமசாகி தெரிவானது. கட்சுரா, உஜி, கிசு ஆகிய மூன்று ஆறுகள் சேரும் இடம் அது. மூடுபனி நிறைந்தது. தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிகியுவின் பெயரோடு இணைந்த தேநீர் மனையொன்று அங்கு இன்றும் உண்டு. அவ்வளவு பெயர்பெற்றது அந்த இடத்துத் தண்ணீர். 1923இல் தொடங்கப்பட்ட யமசாகி வடிசாலையில் 1924 நவம்பரில் முதல் வடிப்பு நடந்தது.

ஐந்து ஆண்டுகள் செலவு மட்டுமே இருந்தது, வருமானம் இல்லை. 1929இல் ஷிரோஃபுடா என்ற பெயரில் ஜப்பானின் முதல் உண்மையான விஸ்கி சந்தைக்கு வந்தது. அது தோற்றுப் போனது. ஸ்கொட்லாந்தில் முளைத்த பார்லியைப் பீற் எனப்படும் சதுப்புநில மண்கட்டியை எரித்து உலர்த்துவார்கள். அந்தப் புகையின் வாசம் விஸ்கியில் தங்கும். கற்றவாறே செய்த டகெட்சுருவின் விஸ்கியிலும் அது இருந்தது. மீனுக்கும் சோற்றுக்கும் மென்மையான சாக்கேக்கும் பழகிய நாவுக்கு அது எரிந்துபோன பண்டமாகத் தெரிந்தது.

இந்தத் தோல்வியில் இருந்து இருவரும் வெவ்வேறு பாடங்களைப் படித்தனர். நம் மக்களின் சுவைக்கு ஏற்ப விஸ்கியை மாற்ற வேண்டும் என்றார் டொரி. மக்கள் உண்மையான விஸ்கியை அறியும் வரை பொறுத்திருக்க வேண்டும் என்றார் டகெட்சுரு. பின்னர் அவர் யோகோஹாமாவில் இருந்த பியர்த் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டார். பத்தாண்டு ஒப்பந்தம் முடிந்து 1934இல் வெளியேறினார். டொரி புகையைக் குறைத்து, கலவையைத் திருத்தி, 1937இல் சதுரப் போத்தலில் ஒரு விஸ்கியை வெளியிட்டார. ககுபின் என்ற அந்த விஸ்கி இன்றும் ஜப்பானில் பரவலாக விற்பனையாகிறது.

இருவரில் யார் சரி என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். டொரியின் நிறுவனமே இன்றைய சன்டோரி. டகெட்சுரு தொடங்கிய நிறுவனமே இன்றைய நிக்கா. ஜப்பானிய விஸ்கியின் இரு தூண்களும் இவைதான்.

அப்பிள் சாறும் கடற்படையும்

டகெட்சுரு தான் முன்பு விரும்பிய ஹொக்கைடோவுக்கே போனார். யோய்ச்சி என்ற சிறிய கடலோர ஊர். குளிர், ஈரக்காற்று, அருகே பீற் மண், நிலக்கரி என எல்லாம் அங்கு இருந்தன. பணம் மட்டும் இல்லை. ஒசாகாவில் ரீட்டா ஆங்கிலம் கற்பித்த குடும்பங்களோடு ஏற்பட்ட அறிமுகம் இங்கே கைகொடுத்தது. அவரிடம் ஆங்கிலம் படித்த பெண்ணொருவரின் கணவரான ஷோட்டாரோ காகா முதலீட்டாளர்களில் ஒருவரானார்.

விஸ்கி முதிரும் வரை சாப்பாட்டுக்கு வழி வேண்டும். யோய்ச்சி அப்பிள் விளையும் பகுதி. ஆகவே 1934இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ‘டாய் நிப்பொன் கஜு’, அதாவது பெரிய ஜப்பான் பழச்சாறு நிறுவனம். அப்பிள் சாறு விற்றுக்கொண்டே ஒருபுறம் விஸ்கி வடித்தார்கள். 1940இல் முதல் விஸ்கி வெளிவந்தபோது, நிப்பொன், கஜு என்ற சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நிக்கா’ என்று பெயர் வைத்தார்கள்.

அப்போது போர் தொடங்கியிருந்தது. வெளிநாட்டு விஸ்கி வருவது நின்றது. ஜப்பானியக் கடற்படைக்கு விஸ்கி தேவைப்பட்டது. யோய்ச்சி வடிசாலை படைக்கு வழங்கும் தொழிற்சாலையாக அறிவிக்கப்பட்டு, தட்டுப்பாடான காலத்திலும் அதற்குப் பார்லி கிடைத்தது. நொடிந்து போயிருக்கக்கூடிய தொழிலைத் தாங்கியது போர்தான். இந்த உண்மையை மறைத்து ஜப்பானிய விஸ்கியின் வரலாற்றை எழுத முடியாது.

அதே போர் அதே வீட்டுக்குள் வேறு முகத்தோடு நுழைந்தது. ரீட்டா எதிரி நாட்டில் பிறந்தவர். சட்டப்படி ஜப்பானியர், இருபது ஆண்டுகள் அந்த மண்ணில் வாழ்ந்தவர், அந்த ஊர்ச் சாப்பாட்டையே சமைத்தவர். ஆனாலும் முகம் வேறாக இருந்தது. பொலிசார் அவரைக் கண்காணித்தனர். உளவாளி என்ற சந்தேகத்தில் வீடு சோதனையிடப்பட்டது. கணவர் வடித்த விஸ்கி கடற்படைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மனைவி சந்தேகப் பார்வைகளுக்கு நடுவில் வீட்டுக்குள் ஒடுங்கியிருந்தார். பிறந்த இடமே குற்றமாகும் நிலையை அனுபவித்தவர்களுக்கு ரீட்டாவின் அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

சாம்பலில் இருந்து

1945இன் வான் தாக்குதல்களில் ஒசாகாவின் பெரும்பகுதி எரிந்தது. டொரியின் தலைமையகமும் ஒசாகாத் தொழிற்சாலையும் அதில் அழிந்தன. நகருக்கு வெளியே இருந்த யமசாகி தப்பியது. அங்கே பீப்பாக்களில் இருந்த பழைய விஸ்கியும் தப்பியது. போருக்குப் பின்னர் மீண்டெழ டொரியின் கையில் இருந்த முதல் அதுதான்.

தோற்றுப்போன நாட்டில் பசி இருந்தது, கறுப்புச் சந்தை இருந்தது. எரிபொருளாகப் பயன்பட்ட மதுசாரத்தில் தண்ணீர் கலந்து குடித்துப் பலர் கண்பார்வையை இழந்தனர், பலர் இறந்தனர். இந்தச் சூழலில், 1946இல், டொரி ‘டொரிஸ்’ என்ற மலிவான விஸ்கியை வெளியிட்டார். அக்காலச் சட்டப்படி மூன்றாந்தர விஸ்கியில் உண்மையான விஸ்கி ஐந்து சதவீதத்தை எட்டத் தேவையில்லை. அறவே இல்லாமலும் இருக்கலாம். மிகுதி வெறும் மதுசாரம்.

டகெட்சுரு மலிவான விஸ்கி செய்ய நெடுநாள் மறுத்தார். ஆனால் கடன் ஏறியது, தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. 1950இல் அவரும் மூன்றாந்தர விஸ்கியை வெளியிட இணங்கினார். இணங்கியபோதும், அந்தத் தரத்துக்குச் சட்டம் அனுமதித்த உச்ச அளவு உண்மையான விஸ்கியைச் சேர்த்தார்.

1950களில் நகரங்களெங்கும் டொரிஸ் பார்கள் முளைத்தன. அலுவலகம் முடிந்து வரும் கீழ்நிலை ஊழியர்கள் அங்கே மலிவாக விஸ்கி அருந்தினர். நாட்டின் பொருளாதாரம் வளர, அவர்கள் வாங்கும் போத்தலின் தரமும் உயர்ந்தது. டொரி 1962இல் காலமானார். மறு ஆண்டு அவரது நிறுவனம் சன்டோரி எனப் பெயர் மாறியது. 1969இல் நிக்கா சென்டாய் நகருக்கு அருகே மியாகிக்யோ வடிசாலையைத் தொடங்கியது. 1973இல் சன்டோரியின் ஹகுஷு வடிசாலை மலைக்காட்டுக்குள் எழுந்தது. 1980இல் ‘சன்டோரி ஓல்ட்’ என்ற ஒரே விஸ்கி மாத்திரம் 1 கோடியே 24 இலட்சம் பெட்டிகள் விற்றது. ஆனால் ஏறக்குறைய இவை அனைத்தும் ஜப்பானுக்குள் நடந்த விற்பனைதான். வெளியுலகம் இதைப் பொருட்படுத்தவில்லை.

இதில் எது ஜப்பானியம்?

ஸ்கொட்லாந்தில் கற்றதை அப்படியே செய்திருந்தால் அது நகலாகவே நின்றிருக்கும். இரண்டு இல்லாமைகள் அதை மாற்றின.

முதலாவது, பண்டமாற்று இல்லாமை. ஸ்கொட்லாந்தில் கலவை விஸ்கி செய்பவர்கள் பல வடிசாலைகளின் விஸ்கியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். ஜப்பானில் சன்டோரியும் நிக்காவும் கடும் போட்டியாளர்கள். ஒரு பீப்பாவைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தன் கூரைக்குள்ளேயே பலவகை விஸ்கியை உருவாக்க வேண்டியதாயிற்று. வெவ்வேறு வடிவ வடிகலங்கள், வெவ்வேறு ஈஸ்ட் வகைகள், வெவ்வேறு பீப்பாக்கள். யமசாகிக்குள் நுழைபவர் அருகருகே நிற்கும் வடிகலங்களில் ஒன்றின் கழுத்து நீண்டும் இன்னொன்றின் கழுத்து குறுகியும் இருப்பதைக் காணலாம். கழுத்து நீண்டால் மென்மையான ஆவி மட்டும் மேலேறும். குறுகினால் கனமான சுவை தங்கும்.

இரண்டாவது, மரம் இல்லாமை. போர்க்காலத்தில் வெளிநாட்டு ஓக் பீப்பாக்கள் வரவில்லை. வேறு வழியின்றி மிசுனாரா என்ற உள்ளூர் ஓக் மரத்தைப் பயன்படுத்தினர். ‘மிசு’ என்றால் தண்ணீர். ஈரம் நிறைந்த, வளைந்து வளரும் மரம் அது. பீப்பா செய்யும் அளவுக்குப் பருக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எடுக்கும். செய்த பீப்பாவும் ஒழுகும். தொடக்கத்தில் அதில் வைத்த விஸ்கியும் நன்றாக இல்லை. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது சந்தனத்தையும் கோயில் ஊதுபத்தியையும் நினைவூட்டும் வாசம் வந்தது. இன்று உலகில் விலைமதிப்புள்ள பீப்பாக்களில் மிசுனாராவும் ஒன்று.

வீழ்ச்சியும் நானூறு பீப்பாக்களும்

1983இல் உச்சம் தொட்ட விற்பனை அதன் பின்னர் சரியத் தொடங்கியது. இளைய தலைமுறைக்கு விஸ்கி தகப்பன்மாரின் பானமாகத் தெரிந்தது. ஷோச்சு என்ற உள்ளூர் மது செல்வாக்குப் பெற்றது. 1989இன் வரிச் சீர்திருத்தம் பழைய தர வகைப்பாட்டை நீக்கியதால் இறக்குமதி விஸ்கியும் மலிவானது. கால் நூற்றாண்டில் நுகர்வு உச்சத்தின் ஐந்திலொரு பங்கு அளவுக்கு இறங்கியது. வடிகலங்கள் ஓய்ந்தன. கருய்சாவா, ஹன்யு ஆகிய வடிசாலைகள் 2000ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்தின.

ஹன்யுவை நடத்தியது அகுடோ குடும்பம். நிறுவனம் கைமாறியபோது, புதிய உரிமையாளருக்கு விஸ்கியில் ஆர்வம் இருக்கவில்லை. கிடங்கில் இருந்த சுமார் நானூறு பீப்பாக்கள் அகற்றப்பட வேண்டிய சுமையாகப் பார்க்கப்பட்டன. குடும்பத்தின் இளையவரான இச்சிரோ அகுடோ அதற்கு உடன்படவில்லை. ஃபுகுஷிமா மாகாணத்தில் உள்ள மதுத் தயாரிப்பு நிறுவனமொன்று தன் கிடங்கில் இடம் கொடுத்தது. 2004இல் சொந்த நிறுவனம் தொடங்கிய அவர், அந்த விஸ்கியைச் சீட்டுக்கட்டுப் படங்கள் ஒட்டிய போத்தல்களில் சிறிது சிறிதாக வெளியிட்டார். அந்த வருமானமும் பெயரும் துணைநிற்க 2008இல் சிச்சிபு வடிசாலையை இயக்கினார். வேண்டாமென்று விடப்பட்ட பீப்பாக்களில் இருந்து வந்த அந்த 54 போத்தல்களின் முழுத்தொகுதி 2019இல் ஹொங்கொங்கில் ஏறத்தாழ 9 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது.

இதற்கிடையில் உலகமும் திரும்பிப் பார்த்தது. 2001இல் பிரித்தானிய விஸ்கிச் சஞ்சிகையொன்றின் சுவைத்தேர்வில் யோய்ச்சியின் 10 ஆண்டு விஸ்கி முதலிடம் பெற்றது. 2014இல் ஆங்கில விமர்சகர் ஜிம் மரே யமசாகியின் விஸ்கியொன்றை உலகின் சிறந்ததாகத் தெரிவு செய்தார். அதே ஆண்டு டகெட்சுரு–ரீட்டா வாழ்க்கையைத் தழுவிய ‘மஸ்ஸான்’ தொலைக்காட்சித் தொடர் ஜப்பான் முழுவதும் பார்க்கப்பட்டது.

எல்லோரும் கேட்டபோது கொடுக்க விஸ்கி இருக்கவில்லை. 2015இல் விற்க வேண்டிய 15 ஆண்டு விஸ்கியை 2000இல் வடித்திருக்க வேண்டும். அப்போது அதை விரும்புவார் இல்லாததால் வடிகலங்கள் ஓய்ந்திருந்தன. 2015இல் நிக்கா தன் வயது குறிப்பிட்ட யோய்ச்சி, மியாகிக்யோ விஸ்கிகளை நிறுத்தியது. 2018இல் சன்டோரி ஹகுஷு 12, ஹிபிகி 17 ஆகியவற்றின் விற்பனையை இடைநிறுத்தியது.

பெயரைக் காப்பாற்றும் போராட்டம்

தட்டுப்பாடு பழைய நோயைத் திரும்பக் கொண்டுவந்தது. ஸ்கொட்லாந்தில் இருந்து மொத்தமாக வாங்கிய விஸ்கியை ஜப்பானியப் பெயரும் எழுத்தும் கொண்ட போத்தல்களில் அடைத்து விற்பதைத் தடுக்கச் சட்டம் இருக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு வேறு வடிவில் இருந்த போலி இப்போது ஏற்றுமதிச் சந்தையில் நின்றது.

2021இல் ஜப்பானிய மதுத் தயாரிப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு விதிகளை வகுத்தது. ‘ஜப்பானிய விஸ்கி’ என்று சொல்வதானால் முளைத்த தானியம் பயன்பட வேண்டும். தண்ணீர் ஜப்பானில் பெறப்பட வேண்டும். நொதித்தலும் வடிப்பும் அங்கேயே நடைபெற வேண்டும். 700 லீற்றருக்கு மேற்படாத மரப்பீப்பாவில் அங்கேயே குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர வேண்டும். போத்தலில் அடைப்பதும் அங்கேயே நடக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இவ்விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இது சங்கத்தின் ஒழுங்குவிதியே தவிர நாட்டின் சட்டமல்ல. புகழ்பெற்ற சில விஸ்கிகளும் இந்த அளவுகோலில் தேறவில்லை. அவற்றைத் தயாரிக்கும் நிக்கா போன்ற நிறுவனங்கள் அதை வெளிப்படையாகவே அறிவித்தன.

ஏலத்தில் விலைபோன அந்தப் போத்தலுக்குத் திரும்புவோம். அதில் உள்ள 1960ஆம் ஆண்டு விஸ்கி மிசுனாரா பீப்பாவில் அடைக்கப்பட்டபோது டொரி உயிரோடு இருந்தார். அதைச் சுவைக்க அவர் இருக்கமாட்டார் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அடைத்த தொழிலாளர்களும் அதைக் குடிக்கவில்லை. அந்தப் பீப்பாவின் மரம் முளைத்தபோது ஜப்பானில் விஸ்கி என்ற சொல்லே இருக்கவில்லை.

ரீட்டா 1961இல் காலமானார். டகெட்சுரு 1979 வரை வாழ்ந்தார். வடிசாலையைப் பார்த்தபடி இருக்கும் யோய்ச்சிக் குன்றொன்றில் இருவரும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கீழே, அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்த பழைய முறைப்படி, தொழிலாளர்கள் இன்றும் மண்வெட்டியால் நிலக்கரியை அள்ளிப் போட்டே வடிகலங்களைச் சூடாக்குகிறார்கள்.